ஆலாம்பாறைச் சீம்பால்

அந்தத் தூக்குப் போசியைக் கொஞ்சம் நேராகப் பிடி அம்மிணி. இந்த டிரைவர் வளைவு வந்தால் வேகத்தைக் குறைக்கிற ஆள் இல்லை. சாய்ந்தால் என் மடியில்தான் கொட்டும்.

சீம்பால்தானே?

எப்படித் தெரியும் என்று முழிக்காதே. வெறும் பாலை யாரும் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வரமாட்டார்கள். மூடிமேல் துணி கட்டி, முடிச்சில் கரித்துண்டு வேறு செருகியிருக்கிறாய், கண் படாமல் இருக்க. உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நான் ஒருத்திதான். அப்படியென்றால் அந்தக் கரி என் கண்ணுக்கு. பயப்படாதே, சும்மா சொன்னேன்.

எந்த ஊர்? ஆலாம்பாறையா. ம்.

யாருக்குக் கொண்டு போகிறாய்? டாக்டரம்மாவுக்கா? சந்தைமேட்டு மாட்டு டாக்டரம்மாவுக்கு. நளாயினிக்கு.

அவள் ஓய்வு பெற்று எவ்வளவு காலம் ஆகிவிட்டது! இப்போது கை நடுங்குகிறது என்று கேள்விப்பட்டேன். உன் மாட்டுக்குக் கன்று எடுத்தது அவளாக இருக்காதே? புது டாக்டர்தானே எடுத்தார்? ஆமாம், பார். எடுத்தது அவர், சீம்பால் இவளுக்கு. இது என்ன நியாயம் அம்மிணி?

வீட்டு வழக்கம் என்கிறாய். சரி. வழக்கம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் பேச முடியாது.

நான் யார் என்று நீ கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை, பழகிவிட்டது. அந்த மாட்டாஸ்பத்திரி வளாகத்திலேயே பின்பக்கம் ஓர் ஓட்டுக் கட்டடம் இருக்கிறதே, கால்நடைத் துறை அலுவலகம், அதில் நான் கண்காணிப்பாளராக இருந்தேன். சுலோசனா. ஆடு, மாடு, கோழி என்று அரசாங்கம் எதைக் கொடுத்தாலும் அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்துதான் போகும். உங்கள் ஊரில் எத்தனையோ பட்டியில் நிற்கிற ஆடுகள் என் எழுத்தில் நடந்து போனவை. ஆட்டுக்கு அது தெரியாது. வாங்கியவர்களுக்கும் தெரியாது.

ஆண்டுதோறும் ஊழல் ஒழிப்பு உறுதிமொழி என்று ஒன்று எடுப்பார்கள். எல்லோரையும் வாசலில் நிறுத்தி ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். வாசிப்பது எப்போதும் நான்தான். கல்லூரியில் இலக்கியம் படித்தவள். மேலிடத்திலிருந்து வருகிற அந்தத் தமிழ் பல்லில் கல் மாட்டின மாதிரி இருக்கும். நான் ஒரு சொல்லை முன்னால் தள்ளி, ஒரு சொல்லைப் பின்னால் தள்ளி, மூச்சுக்கு இடம் வைத்து வாசிப்பேன். 'கையூட்டு வாங்க மாட்டேன், கொடுக்க மாட்டேன், காண நேர்ந்தால் வாய் மூட மாட்டேன்.' மாட்டுக்கு ஊசி போட வந்தவர்கள்கூடக் கயிற்றைப் பிடித்தபடியே நின்று கேட்பார்கள். அந்தக் கடைசி வரி நான் சேர்த்தது.

நளாயினி புதிதாக வந்த வருடம், உறுதிமொழி முடிந்ததும் என்னிடம் ஓடி வந்து, "அக்கா, எவ்வளவு நல்லா வாசிச்சீங்க! உடம்பு சிலிர்த்துருச்சு" என்றாள். அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவளை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மதியம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அவள் டெட்டால் வாசத்தோடு வந்து உட்காருவாள். நான் மூக்கைச் சுளித்ததே இல்லை.

அப்புறம் உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். சென்னியப்பன் என்று பெயர்.

ஏன் திரும்பிப் பார்க்கிறாய்? தெரிந்தவரா? தெரிந்திருக்கும், சின்ன ஊர்தானே.

அவருடைய மாட்டுக்குக் கன்று குறுக்கே திரும்பிக்கொண்டது. நளாயினி போய்த் தோள்வரைக்கும் கையை விட்டு, திருப்பி, வெளியே எடுத்திருக்கிறாள். பெட்டைக் கன்று. தாயும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. அது அவள் வேலை அம்மிணி. அதற்குத்தான் சம்பளம். ஆனால் அடுத்த நாள் காலையில் அந்த மனிதர் போசியும் கையுமாக வந்து நிற்கிறார். நளாயினி தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தாள்.

"டாக்டரம்மா இல்லீங்களா?"

"இல்லை. வர நேரமாகும். என்னிடம் கொடுங்கள், வந்ததும் கொடுத்துவிடுகிறேன்" என்றேன். நியாயமாகத்தானே சொன்னேன்?

போசியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா. அவங்க கையில குடுத்தாத்தானுங்க மாட்டுக்கு ஆகும்."

சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்தார். வெயில் வர வர நகர்ந்து உட்கார்ந்தார். தலைத்துண்டை அவிழ்த்து நனைத்துப் போசியின் மேல் போட்டார், தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கையில் என்ன, விஷமா இருக்கிறது? இதே கைதான் அவர் பேரனுக்கு ஆடு கிடைக்கிற உத்தரவை எழுதியது. சாயங்காலம் அவள் ஜீப்பிலிருந்து இறங்கியதும் அந்த மனிதர் எழுந்து நின்ற விதம் இருக்கிறதே! கோயிலில் திரை விலகும்போது எழுந்து நிற்பார்களே, அப்படி.

அவள் வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் முருங்கைக்காய் கொண்டு வந்தால், முட்டை கொண்டு வந்தால், "வேண்டாங்க, அரசாங்க விதி இருக்கு" என்று திருப்பி அனுப்புவாள். இதை மட்டும் மறுக்கவில்லை. கேட்டதற்கு, "சீம்பாலைத் திருப்பி அனுப்பினா மடி வத்திரும்னு நம்பறாங்க அக்கா. எப்படி வேண்டாம்னு சொல்ல?" என்றாள்.

மறுநாள் மதியம், டிபன் பெட்டியின் மேல் தட்டில், வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்த சீம்பால். கத்தியால் கட்டங்கட்டமாக வெட்டி வைத்திருந்தாள். "உங்களுக்குத்தான் அக்கா நிறைய."

சாப்பிட்டேன். ஏன் சாப்பிடக்கூடாது? வாங்கியது அவள், நான் இல்லை. அன்பளிப்பு என்பது பொதுமக்களிடமிருந்து அரசு ஊழியருக்குப் போவது. இது ஒரு தோழியிடமிருந்து இன்னொரு தோழிக்கு வந்தது. விதியை நான் நன்றாகவே படித்திருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த வீட்டிலிருந்து வந்தாலும் என் பங்கு வந்துவிடும். நாக்கில் வைத்தால் கரையாது, மெல்லவும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை. அதைச் சொல்ல எனக்கு வார்த்தையே கிடைத்ததில்லை.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு கோப்புகள் பார்க்கிறேனே, எனக்கென்று ஓர் எலுமிச்சம்பழம்? யாரும் கொண்டு வந்ததில்லை. கொண்டு வந்தால் வாங்கிவிடுவேன் என்று நினைக்காதே. வாங்கவே மாட்டேன். மறுப்பதற்கு ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அழகான வாக்கியம். குளிக்கும்போது, நடக்கும்போது சொல்லிச் சொல்லித் திருத்தி வைத்தது. 'உங்கள் அன்பு வந்து சேர்ந்துவிட்டது, பாத்திரத்தை எடுத்துச் செல்லுங்கள்.' கேட்கிறவர் மனம் நோகாது. என் கையும் அழுக்காகாது. எப்படி இருக்கிறது? நீ மரியாதைக்குத் தலையாட்டுகிறாய். பரவாயில்லை.

அந்த வாக்கியத்தைச் சொல்ல ஒரு நாள்கூட வரவில்லை. என் நேர்மையைச் சோதித்துப் பார்க்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. நேர்மையாக இருந்தேன் என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவளுக்கு அப்படி இல்லை. அவளுக்கு வாசல் முழுக்கச் சாட்சி.

கண்டக்டர் வருகிறார், டிக்கெட் வாங்கிக்கொள். பெண்களுக்குத்தான் டிக்கெட்டுக்குக் காசு இல்லையே, மறந்துவிட்டேன். இதுவும் இலவசம்தான். ஆனால் இது அன்பளிப்பு இல்லை அம்மிணி, அரசாணை.

எங்கே விட்டேன்? ஆமாம், சென்னியப்பன். அடுத்த மழைக்காலத்தில் இடி விழுந்து அந்தத் தாய்மாடு செத்துப்போனது. கன்று வேறு பக்கம் கட்டியிருந்ததால் பிழைத்துக்கொண்டது. அதே சமயம் பார்த்து அரசாங்கத்தில் கறவை மாடு கொடுக்கிற திட்டம் வந்தது. மாடு இல்லாத வீடுகளுக்கு ஒரு மாடு. ஆலாம்பாறையிலிருந்து வந்த மனுக்களில் அவருடையதும் இருந்தது. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற குழுவில் டாக்டர் நளாயினி.

நீயே சொல். அவர் வீட்டுச் சீம்பாலைத் தின்றவள், அவர் மனுவைப் பார்த்து முடிவு சொல்லலாமா? நான் புகார் எழுதவில்லை. சத்தியமாகப் புகார் இல்லை. உதவி இயக்குநரிடம் போய், "சார், ஒரு விளக்கம் வேண்டும். பயனாளியிடமிருந்து உணவுப் பொருள் பெற்றவர் தேர்வுக் குழுவில் இருக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டேன். பெயர் சொல்லவில்லை. "யாருங்கம்மா அது?" என்று அவர் கேட்டதால் சொன்னேன். காண நேர்ந்தால் வாய் மூட மாட்டேன் என்று வருடா வருடம் சொல்லியிருக்கிறேனே.

அவளைக் கூப்பிட்டார். நானும் அங்கேயே நின்றேன். அவள் மழுப்புவாள், அழுவாள், அல்லது என்னை முறைப்பாள் என்று நினைத்தேன்.

"ஆமாங்க சார். சாப்பிட்டிருக்கேன்" என்றாள், ஏதோ மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி. "நானே உங்ககிட்ட வரணும்னு இருந்தேன். ஆலாம்பாறைக்கு மட்டும் என்னைப் போடாதீங்க. அந்த ஊர்ல பாதி வீட்டுச் சீம்பால் என் வயித்துல இருக்கு. நான் யாருக்குச் சொன்னாலும் தப்பாத்தான் இருக்கும்."

உதவி இயக்குநர் சிரித்துவிட்டார். "சரி, அப்ப வேற யாரைப் போடறது?" என்று மேசையில் விரலால் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "நம்ம சுலோசனாம்மா இருக்காங்களே! அவங்க யார்கிட்டயும் எதுவும் வாங்கினதில்ல. அவங்களே உட்காரட்டும்."

நளாயினி அப்போது என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. பார்த்தாள், அவ்வளவுதான். டிபன் பெட்டியின் மேல் தட்டில் என் பங்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. "அக்கா நேர்மையானவங்க சார், நல்லா பார்ப்பாங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

பார்த்தாயா அவள் சாமர்த்தியத்தை? சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். சொல்லாமல் விட்டு, என்னைக் காலமெல்லாம் அவளுக்குக் கடமைப்பட்டவளாக ஆக்கிவிட்டாள். நல்லவர்கள் செய்கிற வன்முறை இது. யாருக்கும் வெளியே தெரியாது.

குழு கூடியது. பஞ்சாயத்துத் தலைவர் ஒருவர், வங்கியிலிருந்து ஒருவர், நான். மற்ற மனுக்களெல்லாம் மளமளவென்று முடிந்தன. சென்னியப்பன் பெயர் வந்ததும் தலைவர், "இதுல பேச என்ன இருக்குங்க, பாவம், இடி விழுந்து மாடு போச்சு. போடுங்க" என்றார்.

நான் திட்ட விதியை எடுத்தேன். 'மாட்டினம் ஏதும் வைத்திராதவர்.' அப்படித்தான் இருந்தது. "இவரிடம் ஒரு பெட்டைக் கன்று இருக்கிறது" என்றேன்.

"கன்னுக்குட்டிங்கம்மா! அதைப் போய்க் கறக்கவா முடியும்? அதுக்கே பால் கடன் வாங்கிக் குடுத்துட்டிருக்காரு."

"விதியில் கன்றுக்கு விலக்கு இல்லை. கன்றும் மாட்டினம்தான்."

தலைவர் வங்கிக்காரரைப் பார்த்தார். வங்கிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். என் குரல் உனக்குத் தெரியும், இப்போதே இப்படி இருக்கிறது, அப்போது இன்னும் தெளிவாக இருக்கும். நான் விதியை வாசித்தால் மறுத்துப் பேச யாருக்கும் வராது. பெயரை அடித்துவிட்டேன்.

எனக்கு அந்த மனிதர்மேல் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஒரு நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்தும் போசியை என்னிடம் தராமல் போனவர், அவ்வளவுதான். வேறு எந்தத் தொடர்பும் கிடையாது. அதனால்தான் நடுநிலையாக இருக்க முடிந்தது. உறவுக்காரர் மனுவைப் பார்க்கக்கூடாது, அன்பளிப்பு கொடுத்தவர் மனுவைப் பார்க்கக்கூடாது என்று நடத்தை விதிகளில் எல்லாம் வரிசையாக இருக்கிறது. எத்தனை முறை வாசித்திருக்கிறேன். அதில் எதிலும் நான் வரவில்லை.

அன்று மதியம் நளாயினி வந்து உட்கார்ந்தாள். டிபன் பெட்டியைத் திறந்தாள், மூடினாள். "அக்கா, அந்தக் கன்னுக்குப் பால் இல்ல" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். திட்டினால் பதில் சொல்லலாம். என்னிடம் பதில்கள் நிறைய இருந்தன.

அதோடு அவள் சீம்பால் வாங்குவதை நிறுத்திவிட்டாள். மடி வற்றிவிடும் என்று கெஞ்சினவர்களிடம், "நான் ரிட்டயர் ஆனப்புறம் கொண்டாங்க, அதுவரைக்கும் என் பேரைச் சொல்லிக் கன்னுக்கே விட்டுருங்க" என்றாள். சனங்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். யோசித்துப் பார், இதில் யாருக்கு நட்டம்? அவளுக்கு மரியாதை கூடிவிட்டது. கன்றுகளுக்குப் பால் கூடிவிட்டது. என் மேல் தட்டுத்தான் காலியாயிற்று. ஒன்றாகத்தான் சாப்பிட்டோம், அதற்குப் பிறகும். அவள் உருளைக்கிழங்கு கொண்டு வருவாள், எனக்கு எடுத்து வைப்பாள். அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அவள் என்னிடம் முகம் மாறியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

எனக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. சால்வை, சுவர்க் கடிகாரம், கேசரி. உதவி இயக்குநர், 'கறைபடாத கரம்' என்றார். கை தட்டினார்கள். அந்தக் கடிகாரம் அண்ணன் வீட்டு மாடியில், என் அறையில், இன்னும் ஓடுகிறது.

அவள் ஓய்வு பெற்றபோது நான் போயிருந்தேன். மண்டபம் வேண்டாம், மாலை வேண்டாம், ஊர்க்காரர்கள் நடத்துகிற பாராட்டுக்கூட்டம் விதிக்கு ஆகாது என்று எல்லாவற்றையும் தடுத்துவிட்டாள். மறுநாள் விடிந்ததும் பார்த்தால் அவள் வீட்டு வாசலில் போசிகள். அன்றைக்கு என்று எத்தனை மாடு கன்று போட்டுவிடும்? சீம்பால் இல்லாதவர்கள் வெறும் பால் கொண்டு வந்திருந்தார்கள். நான் மதிலோரம் நின்றேன். பித்தளையும் எவர்சில்வரும் வெயிலில் பளபளவென்று இருந்தன, பார்க்க முடியவில்லை. கண் கூசியது. கண் கூசினால் தண்ணீர் வரும், அது இயற்கை.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். "அக்கா, உள்ள வாங்க, வேகவைக்கப் போறேன்" என்று கத்தினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

உன் கையைக் கொஞ்சம் எடு அம்மிணி. போசியில் பெயர் வெட்டியிருக்கிறதே. அந்தக் காலத்தில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிறவர் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வைப்பார். தேய்ந்திருக்கிறது. இரு, எனக்குக் கிட்டத்தில் இருப்பது நன்றாகவே தெரியும்.

சென்னியப்பன்.

ம்.

உன் மாமனாரா.

நீ முதலிலேயே சொல்லியிருக்கலாம். இல்லை, நான் எங்கே உன்னைப் பேசவிட்டேன். இருக்கிறாரா? இல்லையா. எப்போது? ... ஓ. மாடு கிடைக்காமல் அப்புறம் என்ன செய்தார்? மில்லுக்குக் காவல் வேலைக்குப் போனாரா. அந்த வயதிலா. சரி, அதுவும் நல்ல வேலைதான். மாதம் பிறந்தால் சம்பளம். மழையில்லை, இடியில்லை.

அந்தக் கன்று? அது பிழைத்ததா? அதன் பேத்திதான் இப்போது கன்று போட்டிருக்கிறதா. பார், நான் அன்றைக்கே சொன்னேன், கன்றும் மாட்டினம்தான் என்று. நான் சொன்னது சரியாகத்தானே போயிற்று?

ஏன் போசியை அந்தப் பக்கம் நகர்த்துகிறாய்? நான் ஒன்றும் பிடுங்கிவிட மாட்டேன். என் பையில்கூட ஒரு டிபன் பெட்டி இருக்கிறது, காலிதான், எப்போதும் வைத்திருப்பேன், பழக்கம். அதற்காக இல்லை.

ஒன்று செய்கிறாயா? நீ ஒரு முறை என்னைக் கேள். 'உங்களுக்குக் கொஞ்சம் வேணுங்களாம்மா' என்று கேள். சும்மா வாய்வார்த்தைக்கு. நான் வாங்க மாட்டேன். எனக்கு இப்போது விதியும் கிடையாது, கோப்பும் கிடையாது, உனக்குச் செய்து கொடுக்க என்னிடம் ஒன்றுமே கிடையாது. இப்போது கேட்டால் அது சுத்தமான கேள்வி. நான் என் வாக்கியத்தைச் சொல்வேன். பாத்திரத்தை எடுத்துச் செல்லுங்கள் என்று முடியும். உன் மனம் நோகாது. கேளேன்.

சந்தைமேடு வந்துவிட்டதா.

சரி, எழுந்திரு. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொள். முடிச்சிலிருந்து கரித்துண்டு விழுந்துவிட்டது பார், என் காலடியில் கிடக்கிறது. இந்தா, எடுத்துச் செருகிக்கொள். என் கையால் கொடுத்தால் பரவாயில்லை அல்லவா? கரிதானே.

கண்டக்டர், கொஞ்சம் பொறுங்கள், பிள்ளை பார்த்து இறங்கட்டும்.

அம்மிணி! டாக்டரம்மா கேட்டால் சொல். கேட்காவிட்டாலும் சொல். வழியெல்லாம் பக்கத்தில் சுலோசனா உட்கார்ந்திருந்தாள், ஒரு சொட்டுக்கூட வாங்கிக்கொள்ளவில்லை என்று சொல்.